ஒறம்பரை வந்த பட்டாளம்

எங்கள் பெரியப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சினிமாவில் ரயில் வந்தால் மற்றவர்கள் ஆளைப் பார்ப்பார்கள், அவர் சிக்னலைப் பார்ப்பார். கதாநாயகி தண்டவாளத்தின் மேல் ஆடிக்கொண்டே போனால், "ட்ரெஸ்பாஸு. ரயில்வே சட்டம் 147. ஆறு மாசம் உள்ள தள்ளலாம்" என்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரிசியும்பருப்புச் சோறு தின்ற மயக்கத்தில் வீடே சாய்ந்து கிடந்த நேரத்தில், ருமேனியப் படம் ஒன்றைப் போட்டுவிட்டேன். படம் முழுக்க ஒரே ரயில் நிற்கிறது. நிறுத்தி வைத்தவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்.

அன்றைக்குப் பீளமேட்டு வீட்டில் யாரும் மத்தியானத் தூக்கம் தூங்கவில்லை.

படத்தின் பெயர் 'கலிஃபோர்னியா ட்ரீமின்'. கிறிஸ்டியன் நெமெஸ்கு எடுத்தது. 2007 கான் விழாவில் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவின் பரிசை வாங்கியது. கதை 1999இல் நடக்கிறது. கொசோவோ சண்டைக்காக நேட்டோவின் ரேடார் சாமான்களை ஏற்றிக்கொண்டு, அமெரிக்கச் சிப்பாய்கள் காவலோடு ஒரு ரயில் ருமேனியா வழியாகப் போகிறது. வழியில் கப்பல்நீட்சா என்று ஒரு பட்டிக்காட்டு ஸ்டேஷன். அங்கே டொயாரு என்கிற ஸ்டேஷன் மாஸ்டர், "கஸ்டம்ஸ் பேப்பர் எங்கே?" என்று கேட்கிறார். தலைநகரிலிருந்து வாய்மொழி உத்தரவு இருக்கிறது. காகிதம் இல்லை. காகிதம் இல்லையென்றால் வண்டி நகராது. அமெரிக்கக் கேப்டன் கத்துகிறார், மந்திரி போன் போடுகிறார், டொயாரு அசையவில்லை. ஐந்து நாள். உண்மையாகவே 1999இல் ருமேனியாவில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பின்னியது.

ஊர்த் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரப் பட்டாளம் வந்திருக்கிறதே, ஊருக்கு முதலீடு வரும், ரோடு வரும் என்று கணக்குப் போட்டு, ஏற்கெனவே கொண்டாடி முடித்த ஊர் நூற்றாண்டு விழாவை மறுபடியும் கொண்டாடுகிறார். எல்விஸ் பிரெஸ்லி வேஷம் கட்டிய ஒருத்தர் பாட்டுப் பாடுகிறார். ஊர்ப் பெண்கள் சிப்பாய்களைச் சுற்றுகிறார்கள். ஊர்ப் பையன்கள் பல்லைக் கடிக்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பது ருமேனியாவுக்கும் பொருந்தும். நாலாம் நாள் முறுக்கிக்கொள்கிறது.

சப்டைட்டில் இங்கிலீஷில் ஓடியது. பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும், கண்ணாடி போட மாட்டார். பெரியம்மா கண்ணாடி போட்டிருக்கிறார், இங்கிலீஷ் தெரியாது. ஆகவே துபாஷி வேலை எனக்கு வந்தது. படத்திலும் ஒரு துபாஷி உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் மகள் மோனிகாவுக்கும் அமெரிக்க சார்ஜென்ட் ஒருத்தனுக்கும் காதல். ஒருத்தர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நின்று காதல் வசனத்தை மொழிபெயர்ப்பவன், அவளை ஒருதலையாக நேசிக்கும் வகுப்புத் தோழன். அவன் பட்ட பாட்டுக்குக் கொஞ்சமும் குறைவில்லாத பாடு அன்றைக்கு நான் பட்டேன்.

முதல் விமர்சனம் பத்தாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டது.

"கரெக்டுங்கறேன்" என்றார் பெரியப்பா. "பேப்பர் இல்லாம லைன் கிளியர் எப்படிக் குடுப்பான்? அமெரிக்கா என்ன, ஆகாசத்துல இருந்தே வரட்டுமே!"

டொயாரு நின்று போகும் கூட்ஸ் வண்டிகளில் சாமான் திருடி விற்கிற ஆள் என்று அடுத்த காட்சியில் தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது கமர்ஷியல் டிபார்ட்மெண்ட். இது ஆப்பரேட்டிங்கு. ரெண்டும் வேறீங்க" என்று தீர்ப்பு மாறியது.

பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு டொயாருவைப் பிடிக்கவில்லை. "அஞ்சு நாள் அமெரிக்காக்காரன் வாசல்ல நிக்கறானுங்க மாமா. ஒரு ஆர்டர் வாங்கத் தெரியல. கேட்டுப் பாத்தா என்னங்க, ஒரு ஐநூறு மோட்டார் எடுக்க மாட்டானா?" பெரியம்மாவுக்கோ ரயிலும் பிடிக்கவில்லை, பேப்பரும் பிடிக்கவில்லை. "அந்த மொழி சொல்ற பையனுக்கே கட்டி வெச்சிருக்கலாம். நல்ல குணமாட்டத் தெரியறான், பாவம்." பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியார் ஊர் பெயரிலேயே நின்றுவிட்டார். "கப்பல்நீட்சாவா? கப்பல் எங்கீங்க இருக்குது அந்த ஊர்ல? கடலே இல்லியே?"

பெரியம்மா எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு எனாமல் மக் கொண்டுவந்து வாத்தியார் முன்னால் வைத்தார். வெள்ளை, நீல விளிம்பு, ரெண்டு இடத்தில் பூச்சு உரிந்து கருப்பு தெரிகிறது. எங்கள் வீட்டில் கொள்ளு அளப்பது அதில்தான். வயிற்றுப் பக்கம் மங்கலாக ஒரு நங்கூரம்.

"பீளமேட்டுலயுந்தான் கப்பல் நின்னுது" என்றார்.

அந்தக் கப்பலுக்கு வருகிறேன். ஒறம்பரை, அதாவது விருந்தாளி என்றால் வந்த முறைப்படி இலை போட வேண்டும். கொங்கு நாட்டுக்குப் பட்டாளம் ஒறம்பரை வருவது பழைய பழக்கம். மூத்தவர்களை முதலில் உட்கார வைப்போம்.

1790 மே 26. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் சுமார் 15,000 பேரோடு திருச்சியிலிருந்து கிளம்பினார். திப்பு சுல்தானிடமிருந்து கோயம்புத்தூரைப் பிடித்து, அங்கிருந்து கணவாய் ஏறி மைசூருக்குள் போவது திட்டம். ஜூன் 15 அன்று கரூர் வந்து சேர்ந்தார். திருச்சிக்கும் கரூருக்கும் இன்றைக்குப் பாசஞ்சர் வண்டியில் ரெண்டு மணி நேரம். நின்று நின்று போனாலும் அவ்வளவுதான். மெடோஸுக்கு இருபது நாள். கரூரில் உட்கார்ந்து தானியம் சேர்த்தார்கள். பிறகு அரவக்குறிச்சி, தாராபுரம் என்று ஒவ்வொரு ஊராக மூச்சு வாங்கி, கோயம்புத்தூரைத் தொட்டபோது ஜூலை 21. 200 சொச்சம் கிலோமீட்டருக்கு 56 நாள். காவடி எடுத்துக்கொண்டு நடந்து போகிறவர்கள் இந்நேரம் பழனிக்குப் போய்த் திரும்பி மறுபடியும் போயிருப்பார்கள்.

எதிரி மறித்ததால் வந்த தாமதம் இல்லை இது. மாடு கிடைக்காத தாமதம். பீரங்கி இழுக்க மாடு, அரிசி சுமக்க மாடு, அந்த மாட்டுக்குத் தீனி சுமக்க இன்னொரு மாடு. ஒரு சிப்பாய்க்குப் பின்னால் சமையல்காரன், குதிரைக்குப் புல்லறுப்பவன், கூடாரம் தூக்குபவன், சாராயக் கடை, பெண்டு பிள்ளைகள் என்று ஒரு திருவிழாவே நடந்து வரும். படை என்று சரித்திரப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்களே, அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நகரும் சந்தை. கண்ணபுரம் மாட்டுத் தாவணி எழுந்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இவ்வளவு சிரமப்பட்டு வந்து பார்த்தால் கோயம்புத்தூர்க் கோட்டையில் ஆள் இல்லை. திப்புவின் ஆட்கள் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். ஒறம்பரை வருகிறது என்று தெரிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறவர்கள் நம் பக்கம் இன்றைக்கும் உண்டு. செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் இறங்கி வந்தார். 13ஆம் தேதி சத்தியமங்கலத்தில் கர்னல் ஃப்ளாய்டோடு மோதல். ஃப்ளாய்டு பின்வாங்கும்போது சில பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். இழுக்க வேண்டிய மாடுகள் குண்டடிபட்டு விழுந்துவிட்டன.

"காங்கேயம் காளை நாலு புடிச்சிருந்தான்னா அவன் கதையே வேற" என்றார் மாப்பிள்ளை. தாராபுரத்திலிருந்து காங்கேயம் பக்கம்தான். எட்டிப் பார்க்காமல் போனது மெடோஸின் யுத்த தந்திரத்தில் பெரிய ஓட்டை என்பது மாப்பிள்ளையின் கருத்து. ராணுவ வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்கலாம்.

என் கணக்கில் கப்பல்நீட்சாவுக்கு நேர் அண்ணன், 1791ஆம் வருஷத்துக் கோயம்புத்தூர். அதற்குள் சண்டை மைசூர் மேட்டுக்கு ஏறிவிட்டது. கோயம்புத்தூர் மண் கோட்டையை வைத்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கம்பெனி முடிவு கட்டி, நல்ல பீரங்கியையும் மருந்தையும் பாலக்காட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டது. மிச்சம் மீதியைப் பார்த்துக்கொள் என்று லெப்டினென்ட் சால்மர்ஸ் என்ற இளைஞரை உட்கார வைத்தார்கள். அவருக்குக் கொடுத்த படையைக் கேளுங்கள். தொப்பாஸ் சிப்பாய்கள் சுமார் 120 பேர். போர்த்துக்கீசிய வழி வந்து தொப்பி போட்டவர்கள். திருவிதாங்கூர் ஆட்கள் 200 பேர். அந்த மலையாளப் படைக்கு அதிகாரி ஒரு பிரெஞ்சுக்காரர், பெயர் டி லா கோம்ப். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் உலகம் பூராவும் அடித்துக்கொண்ட காலம். திப்புவிடமும் ஒரு பிரெஞ்சுப் படை இருந்தது. ஆக, கோட்டைமேட்டில் மைசூர்க்காரனை எதிர்த்து இங்கிலீஷ்காரனுக்காக பிரெஞ்சுக்காரன் மலையாளத்தில் கத்துகிறான். கேட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க்காரன் என்ன நினைத்திருப்பான்? எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கிஸ்து நாம்தான் கட்ட வேண்டும் என்று நினைத்திருப்பான். அதில் அவன் ஏமாறவில்லை.

சால்மர்ஸ் ஒரு காரியம் செய்தார். கழித்துப் போட்ட குப்பையைக் கிளறி, வண்டி இல்லாத சிறு பீரங்கிகளைத் தேடி எடுத்து, அவற்றுக்குப் புது வண்டி செய்ய வைத்து, உதவாது என்று ஒதுக்கிய மருந்தில் தேறினதைப் பொறுக்கி வைத்துக்கொண்டார். பழைய இரும்புக் கடையில் சாமான் பொறுக்கி மிஷின் ஓட வைப்பது இந்த ஊரின் பிறவிக் குணம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பீளமேட்டிலோ கணபதியிலோ போய் மூலம் தேட வேண்டாம். கோட்டைமேட்டில் 1791இலேயே ஒரு வெள்ளைக்காரன் ஒர்க்‌ஷாப் போட்டுவிட்டான்.

ஜூனில் மைசூர்ப் படை வளைத்தது. ஆகஸ்டில் ஏணி போட்டு ஏற வந்தவர்களை இந்தப் பஞ்சாமிர்தப் படை திருப்பி அடித்தது. பாலக்காட்டிலிருந்து மேஜர் கப்பேஜ் வந்து முற்றுகையை விலக்கிவிட்டுப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் திப்புவின் தளபதி கமருதீன் கான் பெரிய படையோடு மறுபடி வந்தார். உதவிக்கு வந்த கப்பேஜ் மதுக்கரைப் பக்கம் மோதிவிட்டுப் பாலக்காட்டுக்கே திரும்பிவிட, நவம்பரில் சால்மர்ஸ் கோட்டையை ஒப்படைத்தார். எழுத்து மூலம் ஒப்பந்தம். சரணடைந்தவர்கள் தொந்தரவில்லாமல் பாலக்காடு போகலாம் என்று கமருதீன் ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தம் திப்புவிடம் போயிற்று. திப்பு ஏற்கவில்லை. பாலக்காடு போக மூட்டை கட்டியவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகப் போனார்கள்.

இதைக் கேட்டதும் பெரியப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா கண்ணு. லோக்கல் ஆபீசர் கையெழுத்து செல்லாது. டிவிஷன்ல இருந்து வரோணும். டொயாரு சொல்றதும் அதத்தான?" ருமேனியாவில் மேலிடத்து வாய் சரி என்றது, காகிதம் வரவில்லை. கோயம்புத்தூரில் காகிதம் இருந்தது, மேலிடத்து வாய் இல்லை என்றது. ரெண்டு கதையிலும் மாட்டிக்கொண்டது கீழே நின்றவன்.

அடுத்த பிப்ரவரியில் காற்று மாறி, கம்பெனிப் படையோடு கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டண மதிலடியில் வந்து நின்றார். சமாதானக் கடிதம் கொண்டுபோக ஆள் வேண்டும். சால்மர்ஸையும் கூட இருந்த லெப்டினென்ட் நாஷையும் சிறையிலிருந்து வரவழைத்து, சால்மர்ஸுக்கு ரெண்டு சால்வையும் 500 ரூபாயும் கொடுத்து அனுப்பினார் திப்பு. மேடைக்கு மேடை பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை நம் அரசியல்வாதிகள் மேல் போட்டுத் திட்டுகிறோம். அடைத்து வைத்திருந்த ஆளுக்கே பொன்னாடையும் மொய்ப்பணமும் வைத்து அனுப்பிய கெட்டிக்காரத்தனம் இவர்களுக்கு வருமா?

வழிமறிப்பதில் நம் ஊருக்கென்று ஒரு தனி மரபு இருக்கிறது. டொயாருவுக்கு அது தெரிந்திருந்தால் கும்பிட்டிருப்பார். மைசூர் அதிகாரிகள் வசூலித்த வரிப்பணத்தைச் சங்ககிரிக்குக் கொண்டுபோகும்போது தீர்த்தகிரி என்ற இளைஞர் மறித்து வாங்கிக்கொண்டார். யார் எடுத்தது என்று மேலே கேட்டால் என்ன சொல்வது? சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை எடுத்துக்கொண்டதாகச் சொல்லிவிடு என்று அனுப்பி வைத்தார். ஊர் இப்படித்தான் சொல்லி வருகிறது. தீரன் சின்னமலை என்ற பெயருக்கே அதுதான் காரணம் என்பார்கள். நான் படித்த அளவில் இந்த வட்டாரத்தில் பட்டாளத்துக்கு முறையாக ரசீது கொடுத்தவர் அவர் ஒருவர்தான். வாய்மொழி ரசீதாக இருந்தாலும் முகவரியோடு கொடுத்தார். பிற்பாடு அதே மைசூர் பக்கம் நின்று கம்பெனியோடு சண்டை போட்டார் என்பதும் வழிவழிச் செய்தி. கம்பெனிக்காரனிடம் இந்த நகைச்சுவை செல்லவில்லை. 1805 ஜூலை 31இல் சங்ககிரியில் தூக்கிலிட்டான். அதற்கு அஞ்சு வருஷம் முன்னால், 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடிக்கப் பாளையக்காரர்கள் போட்ட திட்டம் தோற்றபோது, பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. வாத்தியார் அந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் படத்தை ஓடவிட்டேன்.

திரையில் கருப்பு வெள்ளை. 1944. டொயாரு சின்னப் பையன். அமெரிக்க விமானம் குண்டு போடுகிறது. வீட்டுக்குள் விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள்: அமெரிக்கர்கள் வருவார்கள், எல்லாம் சரியாகிவிடும். வந்தது ரஷ்யர்கள். அமெரிக்கர்கள் வந்து சேர ஐம்பத்தைந்து வருஷம் ஆனது, அதுவும் வேறு எங்கோ போகிற வழியில். அந்த ஆளின் பிடிவாதத்துக்குப் பேப்பர் ஒரு சாக்கு.

"லேட்டு ரன்னிங்" என்றார் பெரியப்பா மெதுவாக.

நம் ஊரில் அதே காலத்தில் ரயிலை நிறுத்த ரப்பர் ஸ்டாம்பு போதவில்லை. 1942 ஆகஸ்ட். போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவில் ராணுவத் தளவாடம் ஏற்றி வந்த சரக்கு ரயிலைக் கவிழ்த்தார்கள். ஆகஸ்ட் 26 ராத்திரி சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. செய்தவர்களில் மில் தொழிலாளர்கள் நிறைய. பகலில் ஸ்பின்னிங், ராத்திரியில் சுதந்திரம். தண்டவாளத்தின் போல்ட்டைக் கழற்றுவது எப்படி என்று எந்த வெள்ளைக்காரனும் வந்து இவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே கைக்கு அதே ஸ்பேனரைக் காலையில் கொடுத்தவன் மில் முதலாளி. அப்புறம் போலீஸ் ஊர் ஊராகப் புகுந்து அடித்த அடியும், வாரிக்கொண்டு போய் ஜெயிலில் அடைத்ததும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் பெரியப்பாவின் நிலை தர்மசங்கடம். தேசபக்தர், அதே சமயம் ரயில்வேக்காரர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாட்டுக்கு நல்லதுதான். ட்ராக்குக்கு ஆகாது" என்று முடித்தார்.

இப்போது கப்பல்.

அதே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை, தன் விமானங்களைப் பழுது பார்க்க ஒரு இடம் தேடியது. கொச்சித் துறைமுகத்திலிருந்து ரயில் பாதை நேராக வந்து சேரும் இடம், ஜப்பான்காரன் குண்டு எட்டாத தூரம், மிஷின் தெரிந்த ஊர். பீளமேட்டைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. தரையில் இருக்கும் தளமாக இருந்தாலும் அதற்குக் கப்பல் பெயர்தான் வைப்பார்கள், கப்பலாகவே பாவிப்பார்கள். ஆகவே, எந்தக் கடலிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கரிசல் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவே, பீளமேட்டில் 'எச்.எம்.எஸ். கருடா' என்ற கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. தரை என்றால் தளம். அடுக்களைக்குக் கப்பல் அடுக்களையின் பெயர். மாலுமி கேட்டைத் தாண்டி அவிநாசி ரோட்டுக்கு வந்தால், "கரைக்குப் போயிருக்கிறான்" என்று பேச்சு. கேட்டுக்கு வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் அது கரையிறங்கி ஏறிய கணக்கு. எங்கள் பக்கம் சித்திரை மாசத்தில் நொய்யலில் கால் நனைக்கத் தண்ணீர் இருக்காது. அதற்குப் பக்கத்தில் ஒருத்தன் தினமும் கரையிறங்குகிறான்!

எங்கள் அப்பாரு, அதாவது பெரியப்பாவின் அப்பா, அந்தக் கப்பலில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவர். "நேவியில இருந்தனுங்க" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டார். பொய் இல்லை. கடலை அவர் பார்த்ததே இல்லை. ஒரு முறை ராமேஸ்வரம் கூட்டிப் போகிறோம் என்று சொன்னபோது, "தண்ணியில எனக்கு என்ன வேலை?" என்று மறுத்துவிட்டாராம். நேவியில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாக வீட்டில் மிஞ்சியது இந்த மக் ஒன்றுதான். மக் எப்படி வந்தது, கொடுத்தார்களா, வந்துவிட்டதா என்று நான் கேட்டபோது பெரியப்பா டொயாருவைப் பற்றிய பேச்சை வேகமாக எடுத்தார்.

கருடாவோடு நிற்கவில்லை. 1945இல் சூலூரிலும் ஒரு கப்பல் விட்டார்கள். கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் முறை. கருடன் ஆயிற்று. அடுத்தது? யாரோ ஒரு துபாஷி யோசனை சொல்லியிருக்க வேண்டும். 'எச்.எம்.எஸ். வைரி.'

"வைரியா?" என்று வாத்தியார் துள்ளி உட்கார்ந்தார். அவருக்கு அன்றைக்குப் படம் கொடுக்காத சந்தோஷத்தை அந்த ஒரு சொல் கொடுத்தது. வைரி என்றால் வல்லூறு, சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் ஆளை நிறுத்தி வைரி என்றால் என்ன என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் எதிரி என்றுதான் சொல்வார்கள். மூணு வருஷம் முன்னால் எதிரியின் கொட்டகை என்று ஊர் தீ வைத்த அதே சூலூரில், மகாராஜா கடற்படையே முன்வந்து, பலகை அடித்து, எதிரி என்று எழுதி மாட்டியிருக்கிறது. "இத மொதல்லயே எழுதி மாட்டியிருந்தா இருட்டுல தேடீட்டுப் போயிருக்க வேண்டியதில்லீங்களே" என்றார் வாத்தியார். 1946இல் ரெண்டு கப்பலையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு அந்தச் சூலூரில் நம் தேஜஸ் விமானங்கள் பறக்கின்றன. பீளமேட்டில் இண்டிகோ இறங்குகிறது.

மாப்பிள்ளையின் பையன் காலேஜில் விஸ்காம் படிக்கிறான். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவன், "நம்மூர்ல இப்படி ஒரு படம் எடுத்திருக்காங்களா?" என்று கேட்டான்.

எடுத்திருக்கிறார்கள் தம்பி. ஏற்காட்டு அடிவாரத்தில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். 1945இல் வந்த 'பர்மா ராணி'. போர்க்காலத்தில் படச்சுருளுக்கு ரேஷன். படம் 11,000 அடிக்கு மேல் நீளக் கூடாது என்று கட்டுப்பாடு. சுருள் வேண்டுமென்றால் சர்க்காரின் போர் முயற்சிக்குக் கை கொடுக்க வேண்டும். அப்படி வந்த படம். பர்மாவில் விமானம் விழுந்து மாட்டிக்கொண்ட இந்திய விமானிகள், ஜப்பான் பட்டாளம், உளவு. தயாரித்து இயக்கியவர் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து சினிமாக் கம்பெனி வைத்தவர். செட்டுக்கு ஒழுங்கு, நேரத்துக்கு வேலை என்று பட்டாளத்துக்காரர் போலவே ஸ்டூடியோவை நடத்தியவர். ஜப்பானியத் தளபதி வேஷத்தையும் அவரே போட்டுக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் சர்க்காருக்காக, சேலத்தில், ஒரு திருச்செங்கோட்டுக்காரர் ஜப்பான்காரராக நின்று, பர்மாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சுத்தத் தமிழில் மிரட்டுகிறார். துபாஷி தொல்லை கிடையாது. கப்பல்நீட்சாவில் இருந்த மொழிச் சிக்கலை எங்கள் ஆட்கள் எவ்வளவு லேசாகத் தீர்த்துவிட்டார்கள்!

ஆனால் அந்தப் படத்துக்கும் ஒரு லேட் ரன்னிங் இருந்தது. ஆகஸ்டில் போர் முடிந்தது. நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் நேதாஜியின் படையினர் மேல் விசாரணை தொடங்கியது. தேசமே அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஜனவரியில் வில்லனாக இருந்த ஜப்பான்காரன் டிசம்பரில் நேதாஜியின் கூட்டாளி. தியேட்டரில் உட்கார்ந்த சனங்கள் யாரைப் பார்த்துக் கைதட்டுவது, யாரைப் பார்த்து விசில் அடிப்பது? டிக்கெட் என்னவோ அதே விலைதான்.

ருமேனியப் படம் முடிவை நெருங்கியது. அமெரிக்கக் கேப்டன் பொறுமை இழந்து, டொயாருவை எதிர்த்து நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று ஊரை உசுப்பி விடுகிறார். ஊர் ரெண்டுபட்டு அடித்துக்கொள்கிறது. டொயாரு செத்துப் போகிறார். அந்தக் களேபரத்தின் நடுவிலேயே ரயிலுக்கு வழி பிறந்துவிடுகிறது. சிப்பாய்கள் ஏறிக்கொள்கிறார்கள். வண்டி கிளம்புகிறது. பின்னால் ஊர் அடிபட்டுக் கிடக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"படம் நீளமுங்க" என்றார் வாத்தியார். "வெட்டியிருக்கலாம்."

வெட்ட வேண்டியவர் இல்லை என்றேன். 155 நிமிஷம். 2006 ஆகஸ்டில், எடிட்டிங் முடிவதற்கு முன்னால், புகாரெஸ்டில் நடந்த கார் விபத்தில் நெமெஸ்கு இறந்து போனார். கூட இருந்த ஒலிப்பதிவாளரும் இறந்தார். நெமெஸ்குவுக்கு வயது 27. கைப்பட வெட்டி வைத்திருந்த வரையில் அப்படியே வெளியிட்டார்கள். அவர்கள் பாஷையில் தலைப்போடு ஒரு சொல்லையும் சேர்த்தார்கள்: முடிவுறாதது.

வாத்தியார் அதற்கு மேல் நீளத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரியம்மா, "அந்தத் தாயி என்ன பண்ணுவா" என்று மட்டும் சொல்லிவிட்டு மக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலத்துக்குக் கொள்ளு ஊற வைக்க வேண்டும்.

பெரியப்பா எழவில்லை. டீப்பாய் மேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் எதையோ பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வேகன் எத்தனை, அஞ்சு நாளுக்கு மணி எத்தனை, ஃப்ரீ டைம் கழித்து மிச்சம் எத்தனை. லைனை அடைத்து நிறுத்திய நேட்டோவுக்கு டெமரேஜ் போடுகிறார். ராணுவச் சாமானுக்குத் தள்ளுபடி உண்டா என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.

"படத்த மறுக்கா மொதல்ல இருந்து போடு கண்ணு" என்றார். "மொத்தம் எத்தன வேகன்னு எண்ணோணும்."